பச்சையோடு பிடுங்கியவை

பிராட்ஃபோர்டு
19 ஜனவரி 1975

அன்புள்ள எனிட் அக்காவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இனி இந்த வீட்டுக்கு உன் கடிதம் வரக்கூடாது என்று நீதான் சொன்னாய். இரண்டு வருடமாக நானும் எழுதவில்லை. இப்போதும் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, தோட்ட விஷயம்தான். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்திருந்தால் அதற்கு நன்றி.

எனக்கு இங்கே ஒரு வீடு கிடைத்திருக்கிறது. வாடகை வீடுதான், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு. பின்பக்கம் கரிக்கொட்டகையை ஒட்டி ஒரு துண்டு நிலம், அதில் ஒரு வயதான மரம். மண் கறுப்பு. பாதி மண், பாதி ஆலைப் புகைக்கரி. போன செப்டம்பரில் சந்தையிலிருந்து ஒரு காகிதப் பை நிறையப் பனித்துளிப் பூக்கிழங்கு வாங்கி வந்து மரத்தடியில் நட்டேன். ஜனவரி பாதிக்கு மேல் போய்விட்டது, பனிக்குள்ளேயே வெள்ளைப் பூ தலைகாட்ட வேண்டிய நேரம். தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். ஒரு முனைகூட வெளியே வரவில்லை. நேற்று ஒன்றைத் தோண்டி நசுக்கிப் பார்த்தேன். பழைய பூண்டுப் பல் போல உள்ளே வெறும் தோல்.

பக்கத்து வீட்டு ஆக்ராய்ட் அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன கண்ணு, தெனமும் மண்ணுக்குக் கும்பிடு போடறே?" என்று கேட்டார். சொன்னேன். "வெங்காயம் நட்டிருந்தா சூப்புக்காவது ஆயிருக்கும்" என்றார். நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

கடைக் கிழங்கு காய்ந்த கிழங்கு, அதுதான் கோளாறு. இந்தப் பூ காய்ந்தால் பிழைக்காது. பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே மண்ணோடு பெயர்த்து, வாடுவதற்குள் வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். அதனால் கேட்கிறேன். நம் ஆப்பிள் மரத்தடியில் இருப்பவற்றில் ஒரே ஒரு கொத்து, பூ முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றித் தபாலில் அனுப்புவாயா?

கேட்கும்போதே உன் முகம் எனக்குத் தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று பூவைப் பறித்து வந்து முட்டைக் கிண்ணத்தில் போட்டுச் சமையலறைச் சன்னலில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை உன் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தான். "பொணப்பூவ வீட்டுக்குள்ள கொண்டாந்தவ இவதான்" என்று நர்ஸ் பெவன் முன்னால் அம்மா சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. எழுத வரும்.

அது என் பூவால் நடக்கவில்லை. இந்த வரியைப் பல முறை எழுதி அடித்திருக்கிறேன். இந்தத் தடவை அடிக்காமல் விடுகிறேன்.

ஐவர் அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ரோவேனா


கோல்ட்வெல், ஹெர்ஃபர்டுஷயர்
27 ஜனவரி 1975

ரோவேனா,

அடுப்புல போடத்தான் போனேன். ஐவர் கையிலருந்து பிடுங்கிட்டாரு. "படிச்சிட்டு அப்புறம் போடு. நெருப்பு எங்கயும் ஓடிடாது"ன்னாரு.

பூ இல்ல. ஒண்ணுகூட இல்ல. பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாளே நான் மண்வெட்டிய எடுத்துட்டுப் போயி மரத்தடி பூராவையும் தோண்டிட்டேன். மார்ல பால் கட்டிக்கிட்டு வலிச்சுது, அப்படியே தோண்டினேன். படிச்சுக்கோ. பூவும் இலையும் மண்ணுமா கட்டி கட்டியா எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்ல எறிஞ்சேன். அம்மா தடுக்கல. தள்ளுவண்டிய உருட்டிட்டு வந்து குடுத்துச்சு. நீ அதுக்குள்ள பஸ் ஏறிப் போயிட்டே. இப்ப அந்த எடத்துல முட்டைக்கோஸ்.

நம்ம வீட்டுல யாரும் ஊர்ப் பள்ளிக்கூடத்தத் தாண்டினது இல்ல. நீ தாண்டினே. சந்தோசம். உன் போட்டோவுக்குச் சட்டம் போட்டது நான்தான். ஆனா தாண்டிப் போனவ திரும்பி வந்து என்ன பண்ணினே? இந்தப் பூ உள்ள வந்தா சாவு வரும், அடை முட்டை பொரிக்காதுன்னு உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையிலருந்து தெரியும். அம்மா "ஏண்டி, அத வெளிய கொண்டு போ"ன்னு சொன்னப்ப நீ சிரிச்சே. "பூவுக்கு என்னம்மா தெரியும்?"னே. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சுன்னு நர்ஸ் பெவன் சொன்னா. சரி. அந்த வருசம் அம்மா அடை வச்ச முட்டை அத்தனையும் கூமுட்டையாப் போச்சே, அதுக்கெல்லாம் எந்தக் கொடி சுத்துச்சு?

பூ வேணும்னா கடையில வாங்கு. இனிமே எழுதாத.

எனிட்


பிராட்ஃபோர்டு
2 பிப்ரவரி 1975

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை.

முதலில் கூமுட்டை. அந்தக் குளிரில் அம்மாவின் சேவலுக்குக் கொண்டை கருகிப் போயிருந்தது. நீதான் அதற்குக் கொழுப்புத் தடவினாய். அப்படிக் குளிர் கண்ட சேவலோடு இருந்த கோழிகளின் முட்டை பொரிக்காது. எந்தக் கோழிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அம்மாவுக்கும் தெரியும். சேவல் வீட்டில் இருந்தது, நான் ஊரை விட்டுப் போய்விட்டேன். இல்லாதவள் மேல் பழி போடுவது சுலபம்.

இரண்டாவது, சிரிப்பு. சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குக் கூச்சம் வந்தால் சிரிப்புத்தான் வரும். என்னை முதல் நாள் வகுப்பில் நிறுத்தியபோதும் சிரித்தேன், முப்பது பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். உன் பயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையில் பூவோடு நிற்கும்போது அம்மா அப்படிக் கேட்டதும் என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன்.

மூன்றாவதுதான் முக்கியம். நீ தோண்டியது பிப்ரவரி கடைசியில். பூவும் பச்சை இலையுமாக இருக்கும்போது, கட்டி கட்டியாக, வேர் உடையாமல். எறிந்தது ஈர வாய்க்காலின் கரையில், வேலி நிழலில், உடனே. அக்கா, பனித்துளிப் பூவை இடம் மாற்றி நட இதைவிட நல்ல முறையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதை நீ கொல்ல நினைத்திருந்தால் கோடையில் தோண்டி, கல் பாவிய நடைபாதையில் வெயிலில் போட்டிருக்க வேண்டும், நான் கடையில் வாங்கியவற்றுக்கு யாரோ செய்தது போல. நீ கோபத்தில் நட்டுவிட்டாய். நம்பவில்லை என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்.

இன்று மெழுகுவர்த்தித் திருநாள். இங்கே சர்ச்சில் பீடத்தின் மேலேயே இந்தப் பூவை வைத்திருந்தார்கள். கடவுள் வீட்டுக்குள் போகலாம், நம் வீட்டுக்குள் வரக்கூடாதாம். திரும்பும் வழியில் பூக்காரியிடம் ஒரு கட்டு வாங்கி வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். இதுவரை உயிர் விட்டது ரேடியோவின் பாட்டரி மட்டும்தான்.

ரோவேனா


கோல்ட்வெல்
14 பிப்ரவரி 1975

ரோவேனா,

போய்ப் பார்த்தேன். உனக்காகப் போகல, சாம்பல் கொட்டப் போனேன்.

வந்திருக்கு. நம்ம கேட்டுலருந்து சர்ச் திருப்பம் வரைக்கும் வாய்க்கால் கரை வெள்ளையாக் கெடக்கு. நான் ஒரே எடத்துலதான் எறிஞ்சேன். மழைத் தண்ணி இழுத்துட்டுப் போயி அங்கங்க சொருகி வச்சிருக்கு. போன வருசமும் கொஞ்சம் பூத்துச்சாம். நான் அப்பல்லாம் பின்வழியாத்தான் போவேன், வருவேன், அதான் பாக்கல. ஐவருக்குத் தெரிஞ்சிருக்கு. "ஏன் சொல்லல?"ன்னு கேட்டா, "சொல்லியிருந்தா மறுபடி மண்வெட்டியத் தூக்குவே"ங்கறாரு.

தபால்காரரு நேத்து வாசல்ல நின்னு அம்மாகிட்ட, "ப்ரீஸம்மா, எங்க வீட்டுத் தோட்டத்த விட உங்க வாய்க்கால் நல்லாருக்கே"ன்னாரு. அம்மா அவரு மூஞ்சியிலேயே கதவச் சாத்துச்சு. சர்ச்சுக்குப் போறவங்க நின்னு பாத்துட்டுப் போறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. சொல்லாமப் போறதுதான் எனக்கு ஆகல.

நீ ஜெயிச்சுட்டேன்னு நெனைக்காத. இன்னொண்ணு இருக்கு. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். சொல்லாம விட்டா நீ பாட்டுக்கு ஈஸ்டர் லீவுக்குக் கிளம்பி வந்து நிப்பே.

எனக்கு ஏப்ரல்ல குழந்தை பொறக்கப் போகுது.

அதனால நீ வராத. உன்ன வேணாம்னு சொல்லல, இப்ப வேணாங்கறேன். நீ உள்ள வந்தா அம்மா பக்கத்து ஊருல அதோட தங்கச்சி வீட்டுக்குப் போயிடுமாம், சொல்லிடுச்சு. எனக்குப் பிரசவத்துக்கு அம்மா வேணும். வாய்க்கால வாரிடச் சொல்லி அம்மா ஐவர்கிட்டயும் சொல்லிடுச்சு. மாசக் கடைசியில பண்ணை எந்திரம் கெடைக்கும், கரையோட வழிச்சு எடுத்து குப்பைக் குழியில போட்டுடலாம்னு. நானும் சரின்னுட்டேன்.

மூடத்தனம்னு சொல்லுவே. சொல்லிக்கோ. போன தடவ தொட்டில் கட்டி, போர்வை பின்னி, பேரு வச்சு வச்சிருந்தேன். இந்தத் தடவ எதையும் சும்மா விட்டு வைக்க மாட்டேன். பூவா இருந்தாலும் சரி, தங்கச்சியா இருந்தாலும் சரி.

எனிட்


பிராட்ஃபோர்டு
17 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆக்ராய்ட் அம்மாள் கதவைத் தட்டி, "யாரு செத்தது?" என்றார். "யாரும் சாகவில்லை, நான் சித்தியாகப் போகிறேன்" என்றேன். உடனே உள்ளே போய் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி எழுதப்போவதைச் சொல்லாமலே இருந்துவிடத்தான் நினைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் நீ பூவைக் காவல் காத்துக்கொண்டு வேறு எதையோ கவனிக்காமல் விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் பூவைக் கொண்டுவந்தது ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ என்னிடம் கிணற்றுத் தண்ணீர் கேட்டாய். ஜில்லென்று இருக்க வேண்டும் என்றாய். பிறகு சர்க்கரை நிறையப் போட்டு டீ கேட்டாய். பிறகு இடப்பக்கம் சரிந்து படுத்தாய், வலப்பக்கம் சரிந்து படுத்தாய். "ஏண்டி உருண்டுக்கிட்டே இருக்கே?" என்று அம்மா கேட்டாள். "முதுகு வலி" என்றாய். சனிக்கிழமை பின்னிக்கொண்டிருந்த போர்வையை மடித்து அலமாரியில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ வயிற்றில் கை வைக்கவே இல்லை. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசத் தெரியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை ஏன் பூப் பறித்தேன் தெரியுமா? உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வழியெல்லாம் பனி இடுப்பளவு, ஆப்பிள் மரத்தடியில் மட்டும் பூவின் தலை தெரிந்தது. உனக்குக் கொடுக்க அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அம்மா என்னைக் கைகாட்டிச் சொன்னபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை அக்கா, ஆசுவாசம் இருந்தது. பூ செய்தது என்றால், அசைவு நின்ற வெள்ளிக்கிழமையே நர்ஸைக் கூப்பிட நீ ஏன் டெலிபோன் பூத் வரை போகவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீயே உன்னைக் கேட்டுக்கொள்ள மாட்டாய். எனக்கு அது அந்த நிமிடமே புரிந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். பயந்து அல்ல. உனக்காக ஒரு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டேன்.

இப்போது இறக்கி வைக்கிறேன். உன் தலையில் ஏற்ற அல்ல. அந்தப் பனியில் நீ பூத் வரை போயிருந்தாலும் நர்ஸால் வந்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. கொடி சுற்றியதை நீயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை செத்தால் ஒருத்தியாவது குற்றவாளியாக நிற்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

வாய்க்காலை வாரினால் வாரு, அது உன் வாய்க்கால். ஆனால் குழந்தையைக் காப்பாற்றத்தான் வாரினேன் என்று மட்டும் சொல்லாதே. அசைவு குறைந்தால் வீட்டுக்குள் பூ இருக்கிறதா என்று தேடாதே. ஐவர் அத்தானை எழுப்பு, நர்ஸிடம் ஓடச் சொல்.

ரோவேனா


கோல்ட்வெல்
6 மார்ச் 1975

ரோ,

ஆமா. வெள்ளிக்கிழமையே.

இதப் பத்தி இனிமே எழுத மாட்டேன். நீயும் எழுதாத. உன் கடிதத்த அடுப்புல போடல.

நர்ஸ் பெவன்கிட்டப் போனேன். "அன்னிக்கே உன்னக் கூப்பிட்டிருந்தா?"ன்னு கேட்டேன். "தெரியாது எனிட். சத்தியமா எனக்குத் தெரியாது"ன்னா. பொய் சொல்லித் தேத்தாம இருந்தா பாரு, அதுக்கே அவ கையப் பிடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. இப்ப வாராவாரம் வயித்துல குழல வச்சுப் பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பக் கேக்கறா. என்னையும் கேக்க வச்சா. குதிரை ஓடற மாதிரி இருக்கு.

வாய்க்கால் கதையச் சொல்றேன். போன செவ்வாக்கிழமை ஐவர் எந்திரத்த ஓட்டிட்டு வந்தாரு. அம்மா கேட்டுல நின்னுக்கிட்டு, "சர்ச் பக்கத்துலருந்து ஆரம்பிங்க"ன்னு கை காட்டுது. நான் சன்னல்லருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போயி வாய்க்கால்ல எறங்கி நின்னுட்டேன். இந்த வயித்தோட.

"ஏறி வாடி. சளி பிடிக்கும்"னுச்சு அம்மா.

"பிடிக்கட்டும்."

"அந்தச் சனியன் மேல உனக்கு என்னடி திடீர்ப் பாசம்?"

"பாசம் இல்ல. நான் எறிஞ்சது இது. இருக்கணுமா போகணுமான்னு நான் சொல்றேன்."

"நாலு பேரு பாக்கறாங்க."

"ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்லாப் பாக்கட்டும்."

ஐவர் எஞ்சின நிறுத்திட்டு, "நான் வெறும் கூலியாளு. மொதலாளிங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்"னு உள்ள போயிட்டாரு. நானும் அம்மாவும் ரொம்ப நேரம் நின்னோம். அப்புறம் எனக்கு ஏற முடியல, பூட்ஸு சேத்துல மாட்டிக்கிச்சு. அம்மாதான் கரையில மண்டி போட்டு ரெண்டு கையையும் குடுத்துத் தூக்குச்சு. மண்டி போட்ட எடத்துல நாலஞ்சு பூ நசுங்கிப் போச்சு, பாவாடையில ஒட்டியிருந்துச்சு. அதோட கதவு வரைக்கும் வந்து, அங்கதான் கவனிச்சுது. தட்டி விட்டுட்டு உள்ள போச்சு.

எந்திரம் பண்ணைக்குத் திரும்பிப் போயிடுச்சு.

இதோட வர்ற செருப்புப் பெட்டியில ஒரு பெரிய கொத்து வச்சிருக்கேன். இலை பச்சையா இருக்கு, வேர் உடையல, ஈரப் பாசியில சுத்தியிருக்கேன். நீ எழுதின மாதிரியேதான். வந்த அன்னிக்கே நட்டுடு.

ஒரே ஒரு பூவ நான் கையில எடுத்துட்டு வந்தேன். வாசப்படி வரைக்கும் வந்தேன். பால் பாட்டில்ல போட்டுப் படிக்கு வெளிய வச்சேன். அம்மா அதச் சுத்திக்கிட்டுப் போவுது, வருது. ஆனா எடுத்து எறியல.

உள்ள வைக்கல. அதுக்கு மேல என்னால முடியாது. கேக்காத.

எனிட்


பிராட்ஃபோர்டு
11 மார்ச் 1975

அன்புள்ள அக்கா,

பெட்டி சனிக்கிழமை வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே எல்லாம் உயிரோடு இருந்தது. கொத்தைப் பிரித்து, ஆறேழாக மரத்தடியில் நட்டேன். இங்கத்து மண்ணில் மக்கிய இலை இல்லை என்று பூங்காவிலிருந்து ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். காவலாளி பார்த்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போய்விட்டார். இதற்கு முன் நான் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் எல்லாம் தலை சாய்ந்து படுத்துவிட்டன. ஆக்ராய்ட் அம்மாள் சுவரிலிருந்து, "போச்சா?" என்றார். "போகவில்லை. இடம் மாறினால் முதலில் படுக்கும், வேர் பிடித்ததும் எழும். நான் இதைத்தான் பல்கலைக்கழகத்தில் படித்தேன்" என்றேன். "பட்டம் வாங்கினவளா நீ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்தக் காகிதப் பை?" என்றார். நேற்று மாலை பாதிச் செடிகள் நிமிர்ந்துவிட்டன. அவரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ வாய்க்காலில் நின்ற இடத்தைப் பல தடவை படித்தேன். அம்மா கை கொடுத்த இடத்தை அதைவிட அதிகம்.

இனிக் கேட்கிறேன். கேட்காதே என்றாய், தெரியும். கொத்து வேண்டும் என்று ஜனவரியில் எழுதினேனே, கொத்துக்காக எழுதவில்லை. கொத்து கேட்பது சுலபமாக இருந்தது.

அந்தப் பால் பாட்டில் படிக்கு வெளியே இருக்கிறது. அதைக் கையில் எடு. படியைத் தாண்டி உள்ளே வந்து, முட்டைக் கிண்ணம் இருந்த அதே சமையலறைச் சன்னலில் வை. அம்மா பார்க்கும்போது வை. ஐவர் அத்தான் வேண்டாம், நீயே வை. குழந்தை பிறந்த பிறகு அல்ல. நல்லபடியாகப் பிறந்த பிறகு பூவை உள்ளே கொண்டுவருவது எல்லோராலும் முடியும். அப்போது வைத்தால், பூவை மன்னித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் வயிற்றில் அது குதிரை போல ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே வைத்தால்தான், நான் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம்.

வேலி நிழலில் கடைசிப் பூக்கள் இன்னும் சில நாள்தான் இருக்கும். ஈஸ்டருக்கு நான் வருகிறேன். அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போனால் போகட்டும், பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிடுவாள், கை கொடுத்துத் தூக்கியவள்தானே. பஸ் நிற்கும் இடத்திலிருந்தே நம் சமையலறைச் சன்னல் தெரியும். அதற்குள் பூ வாடியிருந்தாலும் பரவாயில்லை, பாட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டாலும் நான் கதவைத் தட்டத்தான் போகிறேன். வாய்க்கால் கரையில் குனிந்து, பூ இல்லையென்றால் ஒரு பச்சை இலையையாவது கிள்ளிக்கொண்டு வந்து தட்டுவேன்.

ஆனால் நான் கொண்டுவந்து வைக்கும்படி விட்டுவிடாதே. ஒரு தடவை நான் வைத்தேன். இந்தத் தடவை நீ வை, அக்கா.

ரோவேனா